சிங்கவரத்துக் கொற்றவை

செஞ்சி என்ற பெயரைக் கேட்ட அளவில் நம் மனக்கண்முன் எழுவன மூன்று மலைகளும் அவற்றை வளைத்தோடும் மதிலுமே. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் அம்மூன்றையும் ஆண்டவர், முற்றுகையிட்டவர், இழந்தவர் என்ற வரிசை நெடியது. 1677இல் மராட்டிய மன்னர் சிவாஜி கைப்பற்றினார். 1690 முதல் 1698 வரை மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் இதன் மதிலுக்கு வெளியே பாளையமிறங்கிக் கிடந்தான். 1714இல் தேசிங்கு வீழ்ந்தான். 1750இல் பிரெஞ்சுக்காரரும், 1761இல் ஆங்கிலேயரும் கொடியேற்றினர். பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் எழுதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்ட செஞ்சி வரலாற்று நூல் இவற்றையெல்லாம் விரித்துரைக்கும்.

இவ்வரிசையில் ஒரு பெண்ணின் பெயரைத் தேடுவோமாயின், மக்கள் நினைவில் முன்வந்து நிற்பவள் தேசிங்கின் மனைவி ஒருத்தியே. அவளும் வாழ்ந்ததற்காக நினைக்கப்படுகிறாள் அல்லள். கணவனுடன் எரிந்ததற்காக நினைக்கப்படுகிறாள். அவள் நினைவாகவே ஆர்க்காட்டு நவாபு சதாதுல்லா கான் இராணிப்பேட்டை என்னும் ஊரை எடுப்பித்தான் என்பது மரபு. கதைப்பாடல் பாடுவோரும் கூத்தாடுவோரும் அவளைச் சிதையருகே கொண்டு நிறுத்திய பின்னரே உருக்கம் கொள்கின்றனர். அழகு உண்டு, கற்பு உண்டு, கண்ணீர் உண்டு. ஆற்றல் என்று ஒன்று அவளுக்கு இருந்திருக்குமாயின் அது தீயில் இறங்கும் ஆற்றலாக மட்டுமே இருக்க இவ்வூர் விடுத்தது. இதைக் குறையாகச் சொல்வது பலருக்கு உவப்பாயிராது என அறிவேன். ஆயினும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. ஏனெனில், இவ்வூருக்கு அருகிலேயே, தேசிங்கு பிறப்பதற்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், பெண்மையைக் குறித்து முற்றிலும் வேறான ஓர் எண்ணத்தை ஒரு சிற்பி கல்லில் எழுதி வைத்துச் சென்றிருக்கிறான்.

அவ்வுருவம் நிற்குமிடம் சிங்கவரம். செஞ்சிக்கு வடக்கே ஒரு மணி நேர நடைத் தொலைவில் உள்ள சிற்றூர். குன்றின்மேல் நூற்றுக்கு மேற்பட்ட படிகளேறிச் சென்றால், பாறையைக் குடைந்து அமைத்த அரங்கநாதர் கோயிலைக் காணலாம். பாம்பணைமேல் பள்ளிகொண்ட பெருமாள் தாய்ப்பாறையிலேயே செதுக்கப்பட்டவர். திருவரங்கத்துப் பெருமாளினும் நெடியவர் என்று ஊரார் பெருமையுடன் கூறுவர். மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த கோயில் என்பது பொதுவழக்கு. தூண்களின் அமைப்பையும் உருவங்களின் மென்மையையும் கொண்டு, அவனுக்குச் சற்றுப் பிற்பட்டது என்று கருதும் ஆய்வாளரும் உளர். எவ்வாறாயினும் கி.பி. ஏழு, எட்டாம் நூற்றாண்டுகளின் பல்லவர் கலை இது என்பதில் கருத்து வேறுபாடில்லை.

இக்கோயிலுக்குச் செல்பவர் எவரும் கேளாமல் திரும்ப முடியாத கதை ஒன்றுண்டு. தேசிங்கின் குலதெய்வம் இப்பெருமாள். போருக்குப் புறப்படுமுன் அவன் இவரிடம் விடைபெற வந்தான். போகவேண்டாம் என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் கேளாமற் போய் மாண்டான். கதை நல்ல கதை. ஆனால் போருக்குப் போகும் மன்னன் பழந்தமிழ் நெறிப்படி யாரிடம் சென்றிருக்க வேண்டும்? தொல்காப்பியப் புறத்திணையியல் வெட்சித்திணையோடு சேர்த்துச் சொல்லும் கொற்றவை நிலையை நினைவு கொள்க. வெற்றியைத் தருபவள் அவள். ஆகவே அவளுக்குப் பெயரே கொற்றவை. அந்தக் கொற்றவை, பெருமாள் கிடக்கும் அதே பாறையில், சில அடித் தொலைவில் நிற்கிறாள். கதை சொல்வோர் அவள் பெயரை எடுத்துக் கேட்டதில்லை.

எடுக்காததற்குக் காரணமும் உண்டு. குடைவரையின் ஒருபுறம், வெளிப்பாறை முகத்தில் வெயிலும் நிழலும் படுமாறு அவளை அமைத்திருந்தான் சிற்பி. பிற்காலத்தில் அவ்விடத்தில் அரங்கநாயகித் தாயாருக்குச் சந்நிதி எழுந்தது. கொற்றவை அக்கட்டடத்துக்குள் அகப்பட்டுக்கொண்டாள். தாயார் சந்நிதியிலுள்ள ஒரு சாளரத்தின் வழியாகவே இப்போது அவளைக் காண இயலும். பகைவர் யாரும் அவளை மறைக்கவில்லை. பக்தியே மறைத்தது.

இனி அவள் நிற்கும் நிலையைக் காண்போம். உடல் மும்முறை வளைந்த நிலை. வடமொழியார் திரிபங்கம் என்பர். ஒரு காலைத் தரையில் ஊன்றி, மற்றொரு காலை மடித்துத் தூக்கி எருமைத் தலையின்மேல் வைத்திருக்கிறாள். நான்கு கைகள்; மேற்கைகளில் சக்கரமும் சங்கும். ஒரு கை இடையில் படிந்திருக்கிறது. காலடியின் இருபுறமும் அடியார் இருவர் மண்டியிட்டுள்ளனர். மெலிந்த உடல், நீண்ட கால்கள், மிகச் சிறுத்த இடை. அணிகள் உள்ளன, ஆனால் அவை உடலை மூடவில்லை. பல்லவர் சிற்பியருக்குக் கல்லின் கடினம் ஒரு கட்டுப்பாடாக இருந்திருக்கலாம். எனினும் அக்கட்டுப்பாடு அவர்களுக்குத் தீங்கு செய்யவில்லை.

இவ்வுருவத்தை விளக்க வருவோர் பெரும்பாலும் இரண்டிலொன்றைச் செய்கின்றனர். சிலர் நெளிவையும் இடையையும் முகத்தின் இளமையையும் வியந்து, காவியங்களில் வரும் பெண் வருணனைகளை வரிசையாக அடுக்கிவிட்டு, எருமைத் தலையை ஒரு பீடம்போல் எண்ணிக் கடந்து போகின்றனர். வேறு சிலர் துர்க்கை என்றவுடனே உக்கிரம், சங்காரம், குருதி என்று எழுதத் தொடங்கி, அவள் நிற்கும் அழகைக் காணாமலே விடுகின்றனர். அழகும் ஆற்றலும் இருவேறு பொருள்கள், ஒன்று மிகுந்தால் ஒன்று குறையும் என்னும் எண்ணம் நம்முள் அத்துணை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சிங்கவரத்துச் சிற்பிக்கு அவ்வெண்ணம் இல்லை. அவளுடைய நெளிவைச் சற்று நின்று நோக்குங்கள். அந்த நெளிவு எதனால் உண்டாயிற்று? ஒரு காலைத் தூக்கி எருமைத் தலைமேல் வைத்ததனால் இடுப்பு ஒருபுறம் ஏறியது. அதை ஈடுசெய்ய மார்பு மறுபுறம் சாய்ந்தது. அதை ஈடுசெய்யக் கழுத்து மீண்டும் திரும்பியது. எருமைத் தலையை எடுத்துவிட்டால் அந்த நெளிவே இல்லை. வென்ற செயலிலிருந்தே அவ்வழகு பிறக்கிறது. இதனை ஒரு தத்துவமாகச் சொல்லவில்லை. உடற்கூற்றின் கணக்காகவே சொல்கிறேன்.

இதனோடு மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி குகையை ஒப்பிடுவது பயனுடையது. அங்கே எட்டுக் கைகளுடன் சிங்கத்தின்மேலமர்ந்து வில்லை வளைத்து வருகிறாள் தேவி. எதிரே எருமைத் தலையும் மனித உடலும் கொண்ட மகிடன் கதையைப் பற்றியவாறு பின்வாங்குகிறான். பூதகணங்கள் ஆரவாரிக்கின்றன. உலகப் புகழ் பெற்ற அச்சிற்பத்தில் போர் இன்னும் முடியவில்லை. நம் கண் அம்பின் வழியே அவளிடமிருந்து அவனிடத்துக்கு ஓடுகிறது. எவன் வீழ்வான் என்று காத்திருக்கிறது. சிங்கவரத்தில் போர் முடிந்துவிட்டது. மகிடனுக்கு உடலில்லை, ஆயுதமில்லை, தலை மட்டுமே எஞ்சியது. குருதி இல்லை. சினமும் இல்லை. யாரையும் அச்சுறுத்த வேண்டிய தேவை தீர்ந்துபோன ஒருத்தியின் ஓய்வு அது. செஞ்சி–விழுப்புரம் சாலையை ஒட்டிய மண்டகப்பட்டில், செங்கலின்றி, மரமின்றி, உலோகமின்றி, சுதையின்றி அயன், அரன், மால் மூவர்க்கும் கோயில் எடுத்ததாக மகேந்திரன் தன் விசித்திரசித்தன் என்னும் பெயரால் கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொண்டானே, அக்கோயிலின் வாயிற்காவலரைப் பாருங்கள். பருத்த தோளும் ஊன்றிய தடியுமாக வலிமையைக் காட்டிக்கொண்டு நிற்கின்றனர். காவலனுக்கு வலிமையைக் காட்டுவது தொழில். இவளுக்கு அது வேண்டியதில்லை.

எருமைத் தலைமேல் அமைதியாக நிற்கும் இக்கோலம் தமிழ்நாட்டுக்கே சிறப்பாக உரியது என்பது சிற்பநூல் வல்லாரின் கருத்து. வடபுலத்தில் பெரிதும் காணப்படுவது மகிடனைக் கொல்லும் கோலம். சூலம் பாயும், வால் முறுக்கப்படும், உடலினின்று அசுரன் வெளிப்படுவான். நின்ற கோலத்துக்கு வேர் சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. வேட்டுவ வரியில் எயினர் தம் குலக்குமரி ஒருத்திக்குக் கொற்றவைக் கோலம் புனைந்து, கானெருமையின் தலைமேல் நிற்பவள் என்று தேவியைப் பாடுகின்றனர். திருமாலுக்கு இளையாள் என்றும் போற்றுகின்றனர். அந்தக் காதையில் நடக்கும் ஒரு நிகழ்ச்சி நம் பொருளுக்கு இன்றியமையாதது. தெய்வம் ஏறிய சாலினி, வழிநடந்து களைத்துக் கணவன் பக்கலில் அமர்ந்திருக்கும் கண்ணகியைச் சுட்டிக் கொங்கு நாட்டுக்கும் தென்தமிழுக்கும் உரியவளாக, உலகுக்கே ஒரு மாமணியாக அவளைப் புகழ்கிறாள். கண்ணகியோ, இந்த முதியவள் ஏதோ மயங்கிப் பேசுகிறாள் என்று நாணிக் கோவலன் முதுகுக்குப் பின்னே ஒதுங்கிச் சிறுநகை செய்கிறாள். பின்னர் அதே கண்ணகி ஒற்றைச் சிலம்புடன் பாண்டியன் வாயிலில் நிற்கும்போது, வாயிற்காவலன் ஓடிச் சென்று மன்னனிடம் சொல்வது என்ன? வந்திருப்பவள் கொற்றவையும் அல்லள், காளியும் அல்லள் என்று ஒவ்வொரு தெய்வமாக மறுத்துத்தான் அவளை அறிவிக்கிறான். மறுப்பதற்கு முன் ஒப்பிட வேண்டியிருந்ததல்லவா? முதுகுக்குப் பின்னே ஒதுங்கிய பெண்ணுள்ளும் வாயிலில் நின்ற பெண் இருந்தாள் என்பதை இளங்கோவடிகள் அறிந்திருந்தார். கொற்றவை வழிபாட்டின் நடுவே அந்தச் சிறுநகையை வைத்தது வெறும் கதைப்போக்குக்காக என்று எனக்குத் தோன்றவில்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கொற்றவை வழிபாட்டை இக்காலத்துச் சுவைக்கேற்ப மென்மையாக்கிக் காட்டுவது உண்மையாகாது. மாமல்லபுரத்துத் திரௌபதி இரதத்தின் உட்சுவரில் தாமரைமேல் நிற்கும் தேவியின் காலடியில் மண்டியிட்ட ஓர் அடியான் தன் குடுமியை ஒரு கையால் பற்றி, மறுகையால் தன் கழுத்தைத் தானே அரிகிறான்.  பல்லவர் சிற்பங்களில் காணும் இத்தலைக்கொடையைப் பற்றி டச்சு அறிஞர் வோகல் 1931இலேயே தனிக்கட்டுரை எழுதினார். செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் காளிகோயிலைப் பாடுமிடத்து இவ்வழக்கத்தை அஞ்சத்தக்க அளவில் விரிப்பதையும் நாம் படித்திருக்கிறோம். செஞ்சிக் கோட்டைப் பகுதியிலேயே மனிதத் தலைகளும் எருமைத் தலைகளும் செதுக்கிய பலிக்கல் ஒன்று உண்டு. ஆற்றலைப் பெண்ணுருவில் கண்ட சமுதாயம் அதற்கு விலையாக ஆண்கள் தம் தலையைக் கேட்டதாக நம்பியது. அதே சமுதாயம் பின்னர் பெண்களிடம் தீயைக் கேட்டது. இரண்டில் எதுவும் நாம் பெருமை கொள்ளத்தக்கதன்று.

சைவரும் சாக்தரும் போற்றும் துர்க்கைக்குப் பெருமாள் கோயிலில் என்ன இடம் என்று வியப்பார் உண்டு. வியப்புக்கு இடமில்லை. அவள் மாலின் தங்கை. அவள் கையிலுள்ள சங்கும் சக்கரமும் அண்ணனுடையவை. மாமல்லபுரத்து ஆதிவராகர் குகையிலும் திருமாலுடன் இவள் இருக்கிறாள். பள்ளிகொண்ட பெருமாள் கண் மூடியிருக்க, விழித்து நிற்பவள் தங்கை என்று கொண்டால் சிங்கவரத்தின் அமைப்பே ஒரு பொருள் தரும். ஆனால் பிற்காலத்தார்க்குத் தங்கையைவிட மனைவியே வேண்டியவளானாள். தாயாருக்குச் சந்நிதி எடுத்ததில் தவறில்லை. அதற்கு வேறிடம் இல்லாமற் போயிற்றா என்பதே கேள்வி. மார்பில் உறைபவளுக்கு இடங்கொடுக்கத் தனித்து நின்றவளைச் சுவருக்குள் ஒதுக்கினர். ஒருவேளை குன்றில் சமதளம் குறைவு என்பதே முழுக் காரணமாக இருக்கலாம். நாம் அதற்குமேல் பொருள் கற்பிக்க வேண்டியதில்லை என்று ஒரு நண்பர் சொன்னார். அவர் சொன்னதை இங்கே பதிவு செய்கிறேன், ஒப்புக்கொள்ளவில்லை.

நாயக்கர் காலத்துச் செஞ்சியில் பெண்ணுருவங்களுக்குக் குறைவில்லை. கோட்டைக்குள்ளிருக்கும் வேங்கடரமணர் கோயிலின் வாயிற் சுவர்களில் இராமாயணக் காட்சிகளும், பாற்கடல் கடைந்த கதையும் செறிந்துள்ளன. வேணுகோபாலர் கோயிலில் குழலூதும் கண்ணனின் இருபுறமும் தேவியர் நிற்கும் பலகைச் சிற்பம் கண்ணைக் கவர்வது. அணிகளின் நுணுக்கம், ஆடை மடிப்பு, கூந்தல் முடிப்பு எல்லாம் குறைவற அமைந்தவை. ஆனால் அப்பெண்கள் அனைவரும் யாரேனும் ஒருவரைச் சார்ந்தே நிற்கின்றனர். அவர்கள் அழகு பக்கத்திலிருப்பவனின் சிறப்புக்கு அணியாகிறது. இது அக்காலத்துக் கலையின் இயல்பு. சிற்பியின் திறக்குறைவு அன்று.

கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டையும் இங்கே சொல்லலாம். சாவகத் தீவில் கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் எழுந்த பிரம்பானன் சிவன் கோயிலின் வடபுற அறையில் எருமைமேல் நிற்கும் துர்க்கை இருக்கிறாள். அவ்வூரார் பின்னாளில் சமயம் மாறினர். துர்க்கை யார் என்பது மறந்துபோயிற்று. ஆயினும் அவ்வுருவத்தின் அழகு அவர்களை விடவில்லை. மணம் புரிய வற்புறுத்திய ஒருவனை ஒரே இரவில் ஆயிரம் சிலை செய்யச் சொல்லி, ஏமாற்றித் தோற்கடித்து, அவன் சாபத்தால் ஆயிரமாவது சிலையாகிக் கல்லாய்ப்போன அரசகுமாரி லோரோ ஜொங்ராங் என்று அவளுக்குப் புதுக்கதை கட்டினர். கோயிலையே அப்பெயரால் அழைக்கின்றனர். சமயம் போன பின்பும், ஒருவனுக்கு இணங்காது நின்ற பெண் என்ற எண்ணம் மட்டும் கல்லிலிருந்து கதைக்குள் கசிந்திருக்கிறது.

செஞ்சியிலும் அவ்வாறு கசிந்ததுண்டு. கதைப்பாடலில் அன்று, ஊர்த்தெய்வங்களில். இராஜகிரிமேல் கமலக்கன்னியம்மன் இருக்கிறாள். அரண்மனையும் களஞ்சியமும் பாழான பின்னும் அவளுக்கு வழிபாடு நிற்கவில்லை. அவள் திருவிழாவில் எருமைப் பலி வழக்கத்திலிருந்தது. ஊரின் பெயரே செஞ்சியம்மனால் வந்தது என்பார் உளர். பழஞ்செஞ்சி எனப்படும் மேலச்சேரியில் திரௌபதியம்மன் கோயில் உள்ளது. தமிழ்நாடெங்கும் பரவிய திரௌபதி வழிபாட்டுக்கு இதுவே மூலத்தலம் என்பது அவ்வழிபாட்டினரின் நம்பிக்கை. பாரதப் போர் முடிந்த பின், செஞ்சிக் காட்டில் நூறு தலை அசுரனை அழிக்க அவள் மீண்டும் தோன்றினாள் என்பது இங்குள்ள புராணம். இவ்வழிபாட்டை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்ட்டெபைட்டல் 1988இல் வெளியிட்ட முதல் தொகுதிக்குச் செஞ்சியிலிருந்து குருட்சேத்திரம் வரை என்றே துணைத்தலைப்பிட்டார். திரௌபதிக்குக் காவலாக நிற்கும் போத்துராசன் யார் என்ற வினாவுக்கு அவர் சொல்லும் விடை சிந்திக்கத்தக்கது: அடங்கி அடியவனான எருமையசுரனே அவன். போத்து என்பது எருமை முதலியவற்றின் ஆணைக் குறிக்கும் பழஞ்சொல் என்பதைத் தொல்காப்பிய மரபியல் கற்றோர் அறிவர். அப்படியானால் சிங்கவரத்தில் காலடியில் கிடக்கும் தலை, மேலச்சேரியில் எழுந்து காவல் நிற்கிறது.

இச்சிற்பங்களை நோக்கி அறிஞர் உலகத்தைத் திருப்பியவர்களுள் முதல்வரிசையில் வைக்கத்தக்கவர் புதுச்சேரியில் பேராசிரியராயிருந்த ழுவோ துப்ரேய். மண்டகப்பட்டுக் கல்வெட்டை வெளிக்கொணர்ந்து, பல்லவர் குடைவரைகளை வரிசைப்படுத்த வழி காட்டினார். அவருடைய ஊருக்குச் செஞ்சியிலிருந்து சென்றவை வேறும் உண்டு. பிரெஞ்சுக்காரர் தம் ஆட்சியில் வேங்கடரமணர் கோயிலின் ஒற்றைக்கல் தூண்களைப் பெயர்த்துக் கொண்டுபோயினர். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்பவை அவை. மாலைக்காற்று வாங்க வருவோர் அவற்றில் சாய்ந்து நிற்பர். தூணைப் பெயர்க்கலாம். தாய்ப்பாறையில் செதுக்கியதைப் பெயர்க்க முடியாது. அவள் இருந்த இடத்திலேயே இருப்பதற்குக் காரணம் யாருடைய காப்புணர்ச்சியும் அன்று; கல்லின் இயல்பே.

2025ஆம் ஆண்டில் மராட்டியரின் படைத்துறை அரண்கள் என்ற தொகுப்பில் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராட்டிரத்தில், ஒன்று நம் செஞ்சி. மகிழ்ச்சிக்குரிய செய்தி. கோட்டையைக் காண வருவோர் தொகை பெருகும். மதிலும் அகழியும் களஞ்சியமும் கலியாண மகாலும் துலங்கும். சிங்கவரம் அவ்வரையறைக்கு வெளியே இருக்கிறது. அவளுக்கு மதில் ஒரு பொருட்டன்று என்று கவிதையாகச் சொல்லி அமைதி கொள்ளலாம். ஆனால் சாளரத்துக்கு உட்புறம் போதிய ஒளியும், அவள் இன்னாள் என்று சொல்லும் ஒரு பலகையும் வேண்டும் என்று கேட்பதற்குக் கவிதை தேவையில்லை. நம் வட்டத்தைப் போன்ற இலக்கிய அமைப்புகள் ஒன்றுகூடிக் கேட்டாலே போதும்.

அதுவரை செல்வோர் சிறிது பொறுமையுடன் செல்க. வெயிலில் படியேறி வந்த கண்ணுக்குச் சாளரத்தின் உள்ளே முதலில் எதுவும் புலப்படாது. பின்னர் இடையின் வளைவு தெரியும், அதன்பின் முகம். காலடியிலிருக்கும் எருமைத் தலை தெரிவதற்கு இன்னும் சற்று நேரம் ஆகும்.